சம்பளக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை

சம்பளத்தைப் பற்றித் தொழிலாளி கேட்கும் கேள்வியை உதவி கேட்பதாக எடுத்துக்கொள்ளலாம். குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். கணக்குக் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கப்பட்டவர் இவற்றில் எதை மனதில் கொள்கிறாரோ அதன்படியே அவர் குரலும் முகமும் அமைகின்றன. உதவி கேட்பவருக்கு ஓய்ந்த நேரத்தில் பதில் சொன்னால் போதும். குறை சொல்பவரிடமிருந்து தப்பிக்கத் தோன்றும். கணக்குக் கேட்பவரை அப்படி நடத்த முடியாது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஒவ்வொரு மாதமும் தன் உழைப்பை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். அந்த நாட்களில் கடன் கொடுத்தவர் அவர், கடன்பட்டவர் நிறுவனம். கொடுத்தவர் கணக்குக் கேட்டால் காட்டுவது கடன்பட்டவரின் கடமை. ஆகவே கூலியைக் கொடுத்து, அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல மறுப்பவர் கூலியை முழுமையாகக் கொடுத்துவிட்டதாகக் கொள்ள முடியுமா என்பது தர்மத்தைப் பற்றிய கேள்வி. அலுவலக நடைமுறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தக் கேள்வியை ஆராயத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி பொருத்தமான களம். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை இங்கு மிகப் பெரிய தொழில் கொடுப்போர் கடற்படைக் கப்பற்பட்டறையினர். இன்று துறைமுக அதிகாரசபை, சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை, மீன்பிடித் துறைகள், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிகள் என்று வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மாதச் சம்பளம், நாட்கூலி, ஒப்பந்தகாரர் மூலம் வரும் கூலி, கடலில் கிடைத்ததில் பங்கு என்று கொடுக்கும் முறைகளும் பல. சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், பௌத்தர் ஒரே வாயிலால் வேலைக்குப் போகிறார்கள். கூலியைப் பற்றி நான்கு சமயங்களுக்கும் தெளிவான போதனை உண்டு. மூல நூல்களில் உள்ள அந்தப் போதனை சம்பள அலுவலகத்தின் யன்னல்வரை வந்து சேர்வது குறைவு.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எளியவை. சம்பளச் சீட்டில் எட்டு வீதம் ஏன் கழிக்கப்பட்டது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அது ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. தொழில் கொடுப்போர் தம் பங்காக இன்னும் பன்னிரண்டு வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான மூன்று வீதம் எங்கே? அது முழுவதும் தொழில் கொடுப்போர் செலுத்துவது, சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடாது. ஓ.டி. அதிகம் செய்த மாதத்தில் ஈ.பி.எஃப். ஏன் கூடவில்லை? மேலதிக நேரக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேர்வதில்லை. இவற்றுக்கு விடை சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் இன்னொரு கேள்வி இருக்கிறது: என்னை ஏமாற்றுகிறார்களா? முதற் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லலாம். இரண்டாவதற்கு, விடை சொல்லும் விதமே விடை. சரியான எண்ணைச் சினத்தோடு சொன்னால் கேட்டவர் எண்ணை நம்பாமல் வீட்டுக்குப் போகிறார்.

கூலிக்கும் தானத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாக்க வேண்டும். தானத்தைப் பெறுபவர் அது ஏன் இவ்வளவு என்று கேட்பது முறையல்ல; கொடுத்தவரின் மனமே அதன் அளவு. கூலியின் அளவு கொடுப்பவரின் மனத்தில் இல்லை. அது பேச்சிலும் எழுத்திலும் சட்டத்திலும் முன்பே நிறுவப்பட்டது. கூலியைத் தானம்போல் கொடுக்கும் வழக்கம் நம் சமூகங்களில் ஆழமாக வேர் விட்டது. முதலாளியின் கையிலிருந்து வணங்கி வாங்குவதும், எண்ணிப் பார்ப்பதை அவமரியாதையாகக் கருதுவதும் அதன் அடையாளங்கள். எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று ஒருவரை நம்பவைத்துவிட்டால் பிறகு எவ்வளவும் குறைத்துக் கொடுக்கலாம். கூலி பற்றிய சமய போதனைகளில் மிகக் கடுமையானவை இந்த இடத்தைக் குறிவைத்தே எழுந்தவை.

இதற்கு மாறான, திறந்த கணக்கின் மாதிரி கடற்கரையிலேயே உண்டு. கரைவலை இழுக்கும் இடங்களில் மீன் கரைக்கு வந்ததும் அங்கேயே விலை பேசப்படுகிறது. செலவு கழிக்கப்பட்டு, மிச்சம் வலைக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகிறது. பங்கின் அளவு ஊருக்கு ஊர் மாறும். எவ்வளவு மீன் வந்தது, என்ன விலைக்குப் போனது என்பது வலை இழுத்த எல்லோர் கண்முன்னும் நடந்தது. கேள்வி கேட்கத் தேவையே அங்கு குறைவு. வலையும் படகும் உடைய சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவரின் கதை வேறு: அவர் கடன் கொப்பியில் இருக்கிறது, கொப்பி சம்மாட்டியிடம் இருக்கிறது. திறந்த கடற்கரையிலும் மூடிய கணக்கு ஒன்று இருக்கக்கூடும்.

மூடிய கணக்கு என்ன செய்யும் என்பதற்கு இலங்கைத் தமிழர் வரலாற்றிலேயே பெரிய சான்று மலையகத்தின் துண்டு முறை. ஒரு தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டிருக்கிறார், அதைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய சீட்டுத்தான் துண்டு. எழுதப்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தொகை எப்படி வளர்ந்தது என்று கேட்க வழியும் இல்லை. தோட்டத் தொழிலாளரைத் திரட்டி நடத்திய கங்காணியின் கணக்கில் கடன் இருக்கும்வரை ஆள் விடுதலையாக முடியாது. 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. தன் கணக்கைக் கேட்க முடியாத மனிதரின் உடலும் அந்தக் கணக்குக்குள் அடைபட்டுப்போகும் என்பதை அந்த முறை காட்டியது. சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டும்படி கேட்கும் ஒருவரை இந்த வரலாறு தெரிந்த எவரும் அலட்சியம் செய்ய மாட்டார்.

கணக்கை ஒளிக்காமல் வைப்பது புதிய எண்ணம் அல்ல. அநுராதபுரத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியில் உள்ள மிகிந்தலையில், 10ஆம் நூற்றாண்டில் மன்னன் நான்காம் மகிந்தன் நிறுத்திய இரண்டு கற்பலகைகள் நிற்கின்றன. விகாரையில் யார் என்ன வேலை செய்கிறார், அவருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம் என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. அதைவிடக் கவனிக்கத்தக்கது கணக்கு விதி. ஒவ்வொரு நாளின் செலவும் ஏட்டில் பதியப்பட வேண்டும். ஏடு பெட்டியில் பூட்டி வைக்கப்பட வேண்டும். மாதந்தோறும் கணக்கைத் திரட்டி, ஆண்டு முடிவில் துறவியர் சபையின் நடுவே வாசிக்க வேண்டும். பற்றை விட்டவர்கள் வாழும் இடத்தில் பணக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்ற கேள்வி எழலாம். துறவிகள் பற்றை விட்டிருக்கலாம். சமையற்காரரும் தச்சரும் வண்ணாரும் விடவில்லை. அவர்களுக்கு வீடும் பிள்ளைகளும் இருந்தன. தன் பற்றின்மையைக் காரணம் காட்டி மற்றவர் கூலியை அலட்சியம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பதை அந்தக் கற்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் வாசிப்பைக் கேட்டது சபை. வேலை செய்தவர்கள் அந்தச் சபையில் இருந்தார்களா என்பதைக் கல்லின் விதி குறிக்கவில்லை. இன்றைய நிறுவனம் அந்த இடத்தில் கல்லைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் ஒரு படி முன்னே செல்கிறது. சோழ மன்னன் முதலாம் இராசராசன் அமர்த்திய, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு கோயில் ஆடல் மகளிரின் பெயர், தெரு, வீட்டின் எண் எல்லாம் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளக்கும் மரக்காலின் பெயரும் உண்டு. எழுத்தறிந்த ஒருவரைக் கூட்டிவந்து தன் பங்கை வாசிக்கக் கேட்க அந்தப் பெண்களில் எவராலும் முடிந்திருக்கும். பட்டியல் பொதுச் சுவரில் இருந்ததால், கேள்வி கேட்பதற்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

திருகோணமலைக்கே உரிய கோணேசர் கல்வெட்டு இன்னொரு வகைச் சான்று. பெயரில் கல்வெட்டு என்று இருந்தாலும் அது ஒரு நூல். கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்ட மன்னன் ஏற்படுத்திய ஒழுங்கை அது விவரிக்கிறது: தானத்தார், வரிப்பத்தார் என்ற கோயில் ஊழியக் குழுக்களுக்கு உரிய தொழில்கள், அவர்களுக்கு அளித்த நிலங்கள், அவர்கள்மேல் அதிகாரம் செலுத்த மதுரையிலிருந்து வரவழைத்த தனியுண்ணாப் பூபாலன். தொழிலையும் அதற்கான உரித்தையும் ஒரே ஏட்டில் எழுதி, மேற்பார்க்க ஒருவரையும் நியமித்தது நல்ல ஏற்பாடு. அதே ஏடு தொழிலைப் பரம்பரையாகவும் கட்டிப்போட்டது. விலகிப் போக முடியாதவரின் கேள்விக்கு வலு குறைவு. இன்று தொழிலாளிக்கு விலகும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. வேறு வேலை கிடைக்காத ஊரில் அந்த உரிமை எவ்வளவு தாங்கும் என்பதைச் சம்பள அலுவலர் நினைவில் வைத்திருப்பது நல்லது. கேள்வி கேட்பவர் எதையும் இழக்கத் துணிந்தவர் என்று எண்ணக்கூடாது. பெரும்பாலோர் பயந்துகொண்டே கேட்கிறார்கள்.

கூலியைப் பற்றி உலக இலக்கியத்தில் மிகப் பெயர்பெற்ற கேள்வி மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு விடியற்காலையில் சிலரை ஒரு தெனாரியத்துக்குப் பேசி அமர்த்துகிறார் உரிமையாளர். பிறகு காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் இன்னும் சிலரை அழைக்கிறார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே தொகை. நாள் முழுவதும் வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். இந்த உவமை கடவுளின் அருளைப் பற்றியது என்பதே வழக்கமான விளக்கம், அது சரியும்கூட. கூலிக் கேள்வி என்ற கோணத்தில் படித்தால் வேறு இரண்டு விடயங்கள் தெரிகின்றன. கூலியை வழங்கும்படி உரிமையாளர் தன் மேற்பார்வையாளருக்குச் சொல்கிறார். முணுமுணுப்பு எழுந்ததும் விடை சொல்வதற்கு மேற்பார்வையாளரை அனுப்பவில்லை. தானே பேசுகிறார். முணுமுணுத்தவர்களில் ஒருவரைப் பார்த்து, நண்பன் என்று விளித்துப் பேசுகிறார். அடுத்தது, அவர் விடையின் தொடக்கம் ஒப்பந்தம்: பேசியது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு. தன் தாராளம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

விடை அந்தத் தொழிலாளிக்குத் திருப்தி தந்ததா என்று உவமை சொல்லவில்லை. தந்திருக்காது என்றே கொள்ளலாம். அவர் கேட்டது தன் தொகை சரியா என்பதை அல்ல. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே தொகை ஏன் என்பதை. சம்பள அலுவலகங்களில் மிகக் கடினமான கேள்வி இன்றும் இதுதான். ஒரே இயந்திரத்தில் நிற்கும் இருவரில் ஒருவர் நிறுவனத்தின் பட்டியலிலும் மற்றவர் ஒப்பந்தகாரரின் பட்டியலிலும் இருக்கும்போது இது நாள்தோறும் எழும். மற்றவர் சம்பளத்தை வெளியிடுவது அவருடைய அந்தரங்கத்தை மீறுவது. ஆகவே அலுவலர் அதைச் சொல்லக்கூடாது. சொல்லக்கூடியது சம்பளம் நிர்ணயிக்கப்படும் விதியை: தரம், சேவைக்காலம், படிகள். விதி நேர்மையானதாக இருந்தால் அதைச் சொல்வதில் எந்தத் தயக்கமும் இருக்காது. சொல்லத் தயங்கும் விதி திருத்தப்பட வேண்டிய விதி. அதைத் திருத்துவது யன்னலில் இருப்பவரின் கையில் இல்லாவிட்டாலும், கேள்வியை மேலே எடுத்துச் செல்வது அவர் கையில் இருக்கிறது.

இஸ்லாமிய மரபு இந்தப் பிரச்சினையை அதன் வேரிலேயே பிடிக்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் இருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் அதை அறியாதவர் குறைவு. கூலியின் அளவை வேலைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற போதனை அதே அளவுக்கு முக்கியமானது. ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. பிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர்கள் வேலை ஒப்பந்தத்தில் கூலி தெளிவாக இருப்பதை நிபந்தனையாக்கினார்கள், தெளிவின்மை தகராறை வளர்க்கும் என்பதால். குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்க வேண்டாம் என்பதும் அதன் கருத்து. சலிப்பு என்ற அந்த மனநிலையைக் கண்டுகொண்டது பெரிய நுட்பம். சம்பளக் கேள்விகள் கெட்டுப்போவது பெரும்பாலும் தீய எண்ணத்தால் அல்ல. சிறிய தொகைக்கு இவ்வளவு பேச்சா என்ற சலிப்பால். ஐந்நூறு ரூபாய் நிறுவனத்துக்குச் சிறிது. நாட்கூலிக்காரரின் வீட்டில் அது ஒரு வேளைச் சமையல்.

பௌத்தத்தில் சிகாலோவாத சூத்திரம் எசமானுக்குரிய ஐந்து கடமைகளைச் சொல்கிறது. உணவும் கூலியும், வலிமைக்கேற்ற வேலை, நோயில் கவனிப்பு, காலத்தில் ஓய்வு எல்லாம் அதில் அடக்கம். வேலை செய்பவரின் கடமைகளையும் உடனே சொல்கிறது. இருபக்கக் கடமை என்ற இந்த அமைப்பு, தவறு தொழிலாளிக்குச் சாதகமாக நேரும்போது உதவுகிறது. கூடுதலாகச் சம்பளம் போய்விட்டதைக் கண்ட அலுவலர் அதை மறைக்கவும் கூடாது, அடுத்த மாதம் சொல்லாமல் வெட்டவும் கூடாது. தவறு எங்கே நடந்தது என்று காட்டி, திருப்பிச் செலுத்தும் வசதியைக் கேட்டு, சம்மதத்தோடு கழிக்க வேண்டும். இலங்கையின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் அனுமதிக்கப்பட்ட கழிவுகளுக்குத் தொழிலாளியின் சம்மதத்தை வேண்டுகிறது.

விடை சொல்பவரின் பண்பு பற்றித் தமிழில் பேச வேறெங்கும் போக வேண்டியதில்லை. அரசனைப் பற்றித் திருக்குறள் இறைமாட்சியில் கேட்கும் இரண்டு தகுதிகள், எளிதில் காணக்கிடைப்பதும் கடுஞ்சொல் பேசாதிருப்பதும், சம்பள அலுவலருக்கு அப்படியே பொருந்தும். முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயனில்லை. இரவு வேலை முடித்து விடியற்காலையில் வெளியே வருபவருக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் யன்னல் மூடிய யன்னல்தான். வேலை முறை மாறும் நேரத்தில் வாரத்தில் ஒரு நாளாவது யாராவது அங்கே இருக்க வேண்டும்.

மொழியும் இதில் சேரும். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனாலும் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. சிங்களத் தொழிலாளிக்குச் சிங்களத்திலும் தமிழ் பேசுபவருக்குத் தமிழிலும் தலைப்புகள் இருந்தால் பாதிக் கேள்விகள் எழவே மாட்டா. எழும் கேள்விகளுக்கு, எண்ணை மட்டும் சொல்லாமல் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவது நல்லது: அடிப்படைச் சம்பளம், படி, மேலதிக மணித்தியாலம், கழிவு. கேட்பவர் அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிள்ளையிடம் காட்டுவார். காட்டட்டும். மூன்றாவது கண் பார்த்துச் சரி என்று சொல்லும் கணக்குத்தான் நம்பிக்கையைத் தரும். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, இன்ன நாளில் சொல்வதாக நாள் குறித்து, அந்த நாளில் விடை கிடைக்காவிட்டாலும் அழைத்து அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவரின் கடனையோ நீதிமன்றக் கழிவையோ உரக்கப் பேசுவது பெரிய தீங்கு. அப்படிப் பேசப்பட்டவர் மறுமுறை கேட்க வரமாட்டார்.

ஒப்பந்தகாரர் மூலம் வேலைக்கு வந்தவரிடம், உன் ஒப்பந்தகாரரைக் கேள் என்று நிறுவனம் சொல்வது வழமை. சட்டப்படி சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்தகாரராக இருக்கலாம். உழைப்பின் பயன் போய்ச் சேர்ந்த இடம் நிறுவனம். திராட்சைத் தோட்டத்துக்காரர் மேற்பார்வையாளரைக் காட்டித் தப்பிக்கவில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஒப்பந்தகாரர் சேமலாப நிதியைக் கட்டினாரா என்று கேட்டுப் பார்த்து, தன் வாயிலுக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவரின் கணக்கும் செலுத்தப்பட்டதற்கான சான்றைக் கண்ட பிறகே அவருக்கான கட்டணத்தை விடுவிப்பது நிறுவனத்தால் முடிந்த செயல். செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான். அந்தத் தெரிவின் பொறுப்பு கைமாறாது.

விடையே கிடைக்காதபோது தொழிலாளி தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். சட்டப்படி மாதச் சம்பளம் அதன் காலம் முடிந்து பத்து நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். கொடுப்பனவுப் பதிவேடுகளைப் பேணுவது தொழில் கொடுப்போரின் பொறுப்பு. கூலித் தகராறில் சாட்சிகளின் சொல்லைக் கொண்டு தீர்க்க வேண்டும், சாட்சி இல்லாவிட்டால் வேலை கொடுத்தவரை விசாரிக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமும் சொல்கிறது. ஏடு யார் கையில் இருக்கிறதோ அவரே பதில் சொல்ல வேண்டியவர் என்பது இரண்டுக்கும் பொதுவான நியாயம். முறைப்பாடு கொடுத்தவரைப் பிறகு வேலை நேரத்தாலோ இடமாற்றத்தாலோ தண்டிக்கும் நிறுவனம், கேள்வியைத் தண்டிப்பதன் மூலம் மற்ற எல்லோருக்கும் ஒரு விடையைச் சொல்லிவிடுகிறது.

கடைசிக் கேள்விகள் வேலை முடிந்த பிறகு வருகின்றன. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரரானால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக முப்பது நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். விலகிப்போனவர் இனி நிறுவனத்துக்கு எந்தப் பயனும் தரமாட்டார் என்பதால் அவருடைய கடிதம் அடியில் தங்கிவிடுவதுண்டு. இறந்தவரின் மனைவி வரும்போது நிலைமை இன்னும் கடினம்: சேமலாப நிதி, பணிக்கொடை, நிலுவைச் சம்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு படிவம், வேறு அலுவலகம். தஞ்சைக் கல்வெட்டு இதையும் மறக்கவில்லை. பங்கு பெறுபவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம், அவர் தகுதியற்றவரானால் தகுதியுள்ள ஒருவரை அவரே காட்டலாம் என்று விதி வைத்தது. இன்றைய அலுவலர் செய்ய வேண்டியது அதைவிட எளிது: இறந்தவரின் கோப்பை எடுத்து, எந்த எந்தத் தொகைகள் வர வேண்டியவை என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம், என்ன ஆவணம், எவ்வளவு காலம் என்று குறித்து, அந்தப் பெண் கேட்கும் முன்பே அவர் கையில் கொடுப்பது.